தூக்கம் வந்தும் படுக்காதவர்கள்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் நைட் ஷிப்டில் தறி ஓட்டுகிறவர் ஒரு மணிக்கு விழித்திருந்தால் அது பிழைப்பு. வேலையெல்லாம் எட்டு மணிக்கே முடிந்து, கண் சொருகச் சொருக போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர் சங்கதி வேறு. யாரும் தடுக்கவில்லை, தூக்கமும் வருகிறது, ஆனாலும் எழுந்து போய்ப் படுக்க மனசில்லை. இதைத் தனிப் பழக்கமாகப் பிரித்து, 2014இல் 'படுக்கப் போவதைத் தள்ளிப்போடுதல்' (bedtime procrastination) என்று பெயர் வைத்து எழுதியவர்கள் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். படுத்தும் தூக்கம் வராதது நோய், இது அதுவல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாத்திரை தேடுவதுதான் வம்பு.

சீனாவில் இதைப் 'பழிவாங்கும் விழிப்பு' என்கிறார்கள். பகல் முழுக்க அடுத்தவருக்குப் போன நேரத்தை ராத்திரியில் பிடுங்கிக்கொள்வது. செவ்வாய்ப்பேட்டையில் பகலெல்லாம் குனிந்து கொலுசுக்குப் பத்தவைப்பவருக்கும் அது பொருந்தும்.

ஆனால் பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: சில்லறை வேலைகள். கேட் பூட்டணும், கேஸ் மூடணும், மிச்சக் குழம்பை ஃபிரிட்ஜில் வைக்கணும், பல் விளக்கணும், கொசுவலை கட்டணும். அலுத்த உடம்புக்கு இந்த ஐந்தும் மலையாகத் தெரியும். உட்கார்ந்தே இருக்கக் கட்டை விரல் அசைந்தால் போதும். அதனால் சாப்பிட்ட கையோடு, சோபாவில் சாய்வதற்கு முன்பே, ஒன்பது மணிக்குள் அத்தனையையும் முடித்துவிடுங்கள். பல் விளக்குவதும் சேர்த்துத்தான். விளக்கியபின் நொறுக்குத்தீனி டப்பா பக்கம் கையும் போகாது. அப்புறம் சோபாவுக்கும் பாய்க்கும் நடுவே மிச்சமிருப்பது லைட் சுவிட்ச் மட்டும்.

அடுத்த தப்பு, ஒரு மணிக்குத் தூங்கிப் பழகியவர் திடீரென்று பத்து மணிக்குப் படுப்பது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு நன்றாக விழித்திருக்கும். புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, 'நமக்கு இது ஆகாது' என்று போனை எடுப்பார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே தள்ளுங்கள். காலையில் எழும் நேரத்தையும் அதே அளவு முன்னே கொண்டுவந்து, எழுந்ததும் வாசல் வெயிலில் நில்லுங்கள். உடம்புக் கடிகாரம் நகர அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து வரை தூங்கினால் வாரம் முழுக்க நகர்த்தியது வீண்.

ஏற்காட்டுக் கொட்டையை அரைத்துப் போட்ட டிகாக்‌ஷனாக இருந்தாலும் காஃபீன் காஃபீன்தான். பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். சிக்கரியில் காஃபீன் கிடையாது, அதனால் சிக்கரி கூடிய தூளில் வேகம் கொஞ்சம் குறைவு. எப்படியானாலும் கடைசி டம்ளர் மூன்று மணிக்கு.

போன் சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன் என்பவர்களுக்கு, செல் போட்டால் ஓடும் டைம்பீஸ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.