ஆசிரியர் பெயர் இல்லாத பக்கங்கள்

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, அவற்றுக்குப் பொருளடைவு தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். மருத்துவம், தாவரவியல், சட்டம் என்று எது வந்தாலும் செய்முறை ஒன்றுதான்: தலைப்பு, எழுதியவர், தொகுதி எண், பக்க எண், பேசப்படும் பொருள். தபால்தலை சேகரிப்பு இதழ்கள் மேசைக்கு வந்தபோதுதான் இந்தச் செய்முறை போதவில்லை. புதிய வெளியீடுகள் பற்றிய குறிப்பு, போலிகள் பற்றிய எச்சரிக்கை, வாசகர் கேள்விக்குப் பதில், போன மாதம் அச்சிட்டதற்குத் திருத்தம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. பெரும்பாலானவற்றின் அடியில் பெயர் இல்லை. அவற்றையெல்லாம் ஆசிரியர்தான் எழுதியிருக்க வேண்டும். ‘எழுதியவர்’ கட்டத்தை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. எந்த இதழுக்கு எந்தக் காலத்தில் யார் ஆசிரியர் என்று தேடத் தொடங்கினேன். இப்போது பொருளடைவு தயாரிப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தத் தேடல்தான்.

உலகின் முதல் தபால்தலை 1840-இல் பிரிட்டனில் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சேகரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நம்பத் தகுந்த தகவல்தான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1863-இல் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்து ‘ஸ்டாம்ப் கலெக்டர்ஸ் மேகசின்’ புறப்பட்டது. அதன் ஆசிரியர் சார்லஸ் வைனர், அப்போதே ஐம்பது வயதைத் தொட்டவர். அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் ழான் பாப்டிஸ்ட் மோயன்ஸ் ‘லெ தேம்ப்ர் போஸ்த்’ இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். வைனர் ஒரு படிப்பாளி. மோயன்ஸ் தபால்தலை வணிகர். இந்த இரண்டு வகை மனிதர்களும் பின்னாளில் வந்த இதழ்களில் மாறி மாறித் தென்படுகிறார்கள்.

வணிகர் நடத்தும் இதழ் என்றதும் எனக்கு முதலில் சந்தேகம்தான் எழுந்தது. விற்பவரே எது அசல், எது அரியது என்று தீர்ப்பு எழுதினால் எப்படி நம்புவது? ஆனால் மோயன்ஸ் இதழ் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே போலித் தபால்தலைகளைப் பற்றி நூல் வெளியிட்டவர். போலி பெருகினால் வணிகமே படுத்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். லண்டனில் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் மாத இதழ் 1890-இல் தொடங்கியபோது ஆசிரியர் பொறுப்பு எட்வர்ட் எவன்ஸிடம் சென்றது. பீரங்கிப் படையில் மேஜராக இருந்த எவன்ஸ், 1870-களின் பிற்பகுதியில் மொரீஷியஸில் பணியாற்றியபோது, 1847-இல் அங்கே வெளியான ‘போஸ்ட் ஆபீஸ்’ தலைகளின் வரலாற்றைத் தேடிச் சேகரித்தவர். அந்த ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தலைகள் ஒவ்வொன்றிலும் அச்சானவை 500 மட்டுமே. கதைகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தலைகள் அவை. அப்படிப்பட்ட ஒன்றைச் சம்பவம் நடந்த தீவிலேயே போய் விசாரித்த ஒருவரை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்ததற்காக அந்த வணிக நிறுவனத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு.

சங்கங்களின் இதழ்களில் நான் அதிகம் ஊன்றிப் படித்தது ‘லண்டன் பிலாடலிஸ்ட்’. 1869-இல் உருவான லண்டன் தபால்தலைச் சங்கம் 1892-இல் தொடங்கிய இதழ் அது, இன்றும் வருகிறது. முதல் ஆசிரியர் எம். பி. காசில், கால் நூற்றாண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். 1913 முதல் 1917-இல் இறக்கும் வரை சங்கத்தின் தலைவரும் அவரே.

காசில் பொறுப்பேற்ற காலம் இலகுவானதல்ல. நிக்கோலஸ் சீபெக் என்ற அச்சு வணிகர் நிகரகுவா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர், ஈக்வடோர் ஆகிய நாடுகளோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். ஆண்டுதோறும் புதுத் தபால்தலைகளை அவர் இலவசமாக அச்சிட்டுத் தருவார். கைம்மாறாக, ஆண்டு முடிந்ததும் விற்காமல் மீந்தவையும், அதே தகடுகளிலிருந்து மறுபடி அச்சிட்டுச் சேகரிப்பாளர்களிடம் விற்கும் உரிமையும் அவருக்கு. இத்தகைய ஆதாய வெளியீடுகளை எதிர்க்கவே 1895-இல் லண்டனில் ஒரு சங்கம் ஏற்பட்டது. புதிய வெளியீடுகள் பகுதியை நிரப்பும் எந்த ஆசிரியருக்கும் இது தலைவலிதான். பட்டியலில் சேர்த்தால் அதுவே விளம்பரம். விட்டுவிட்டால் பதிவில் ஓட்டை. சேர்த்துவிட்டு, அவை எப்படிப் பிறந்தன என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுவதுதான் சரி என்பது என் கட்சி. நூறாண்டு கழித்துப் பொருளடைவு செய்பவனுக்குக் கோபத்தைவிடத் தகவல் பயன்படும்.

தகவல் தாமதமாக வருவதும் உண்டு. லண்டன் பங்குச் சந்தையின் தந்தி அலுவலகத்தில் 1872, 1873-ஆம் ஆண்டுகளில் ஒரு ஷில்லிங் பச்சைத் தலையின் போலி புழங்கியது. தந்திக் கட்டணத்துக்கு ஈடாகப் படிவத்தில் தபால்தலை ஒட்டிய காலம் அது. படிவங்கள் அலுவலகத்தைவிட்டு வெளியே வராததால் எந்தச் சேகரிப்பாளர் கண்ணிலும் அந்தத் தலைகள் படவில்லை. பழைய படிவங்கள் பிற்பாடு கழிவுத்தாளாக வெளியே வந்தன. 1898-இல் சார்லஸ் நிசன் என்ற வணிகர் அவற்றிலிருந்த தலைகள் போலி என்று கண்டுபிடித்தார். காட்டிக்கொடுத்தவை தலையின் மூலைகளில் அச்சிடப்பட்டிருந்த எழுத்துகள். அசல் தாளில் 20 வரிசை, வரிசைக்கு 12 தலைகள். ஒவ்வொரு தலையும் தாளில் எங்கே இருந்தது என்பதை அதன் எழுத்துகள் சொல்லும். போலிகள் சிலவற்றில் இருந்த எழுத்துச் சேர்க்கை, அசல் தாளில் வரவே வழியில்லாதது.

இதை எந்த ஆண்டின்கீழ் பதிவு செய்வது என்று எங்கள் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. குற்றம் நடந்தது 1872. அறிவு பிறந்தது 1898. இரண்டு இடத்திலும் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டலாம் என்று வாதாடினேன். அப்படியே செய்தோம். நிசன் போன்றவர்களின் கண்டுபிடிப்பைத் தேதியோடும் பெயரோடும் அச்சில் நிறுத்துவது இதழ் ஆசிரியர்கள் செய்த வேலை. கண்டுபிடித்தவர் பெயர் நிலைத்துவிடுகிறது; பதிந்தவர் பெயர் அந்தப் பக்கத்தில் இருப்பதில்லை.

ஃப்ரெட் மெல்வில் இவர்களிலிருந்து வேறுபட்டவர். 1899-இல் இளையோருக்கென்று ஒரு தபால்தலைச் சங்கம் தொடங்கியபோது அவருக்குப் பதினேழு வயதுதான். 1908-இல் அவர் தொடங்கிய ‘ஸ்டாம்ப் லவர்’ இதழும் இன்றுவரை வருகிறது. புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்காக எழுதுவதைத் தம் வாழ்நாள் வேலையாகவே வைத்துக்கொண்டார்.

எங்கள் பதிவுப் படிவத்தில் ‘எழுதியவர்’ என்பதற்குக் கீழே ‘அந்த இதழின் ஆசிரியர்’ என்று இன்னொரு கட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். பெயரில்லாத குறிப்பை ஆசிரியர்தான் எழுதினார் என்று துணிந்து போட முடியாது. அவர் பொறுப்பில் வெளிவந்தது என்றாவது போட்டுவிடலாம். ஒப்புதல் கிடைத்துவிட்டது. காசிலின் தொகுதிகளிலிருந்து தொடங்குகிறோம்.