சேற்றிலேயே நடங்கள்: சேர்வராயன் மலை மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 4, சனி

காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு போனேன். கோரிமேடு தாண்டும்போதே மலை முழுக்க மேகம் மூடியிருந்தது, அடிவாரத்தில் நல்ல சாரல். பக்கத்து சீட்டில் இருந்தவர், "இந்த மழையில மேல போயி என்னத்தப் பாக்கப் போறீங்க, ஒண்ணுமே தெரியாதுங்களே" என்றார். லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரிதான். நான் போவது மழைக்காகவே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சேர்வராயன் மலை மழைக்காடு இல்லை. மழைக்காடு என்றால் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் அளவுக்காவது மழை வேண்டும், வறண்ட மாதங்களும் குறைவாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வால்பாறைப் பக்கமோ அகத்தியமலைக்கோதான் போக வேண்டும். ஏற்காட்டில் சுமார் 1500 மில்லிமீட்டர். அடிவாரத்தில் முள்ளும் உசிலையும், கொஞ்சம் ஏறினால் மூங்கிலும் இலையுதிர் மரங்களும், அதற்கும் மேலே காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து 200 வருடமாக மேல்மலைக் காடு தோட்டமாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் ஓடைகளை ஒட்டி, சரிவு அதிகமான பள்ளங்களில், பசுமை மாறாத மரங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன. மழை மாதங்களில் அந்தத் துண்டுகளுக்குள் நுழைந்தால், ஆனைமலையில் பார்த்த காட்டின் வாசமும் இருட்டும் இங்கேயும் கொஞ்சம் கிடைக்கிறது. சேலத்தில் இருந்து ஒரு மணி நேரத்தில் அது கிடைக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

இன்று தோட்டப் பாதை வழியாக அப்படி ஒரு பள்ளத்துக்குள் இறங்கினோம் (நானும் கொலுசுப் பட்டறை நண்பர் ஒருவரும், தோட்டத்துக்காரரிடம் முன்னமே கேட்டுவிட்டுத்தான்). வெளியே மழை பிடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே தரை நனைந்தது, வெளியே விட்ட பிறகும் உள்ளே விடவில்லை, இலைகள் வாங்கி வைத்ததைச் சொட்டிக்கொண்டே இருந்தன. நேரே வந்து அறையாமல், இலை இலையாக இறங்கி வேகம் குறைந்த தண்ணீர் அது. அதனால்தான் அந்தத் தரையில் அரிப்பே இல்லை. அப்புறம் மேலே ஏறித் தோட்டத்துப் பாதைக்கு வந்தால், நேற்று வெட்டிய வாய்க்கால் மாதிரி நடுவில் செம்மண் தண்ணீர் ஓடுகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

ஷூவுக்குள் பேப்பர் திணித்துக் காயவைத்திருக்கிறேன். மழை நடைக்குப் பருத்தி பேன்ட் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும். குடையும் வேண்டாம், ஒரு கை எப்போதும் தடிக்கு வேண்டும். ரத்தம் உறிஞ்சும் அட்டை வால்பாறைக் காடுகளில்தான் பெரிய தொல்லை. கடித்தால் இழுத்துப் பிடுங்காமல், நகத்தால் பக்கவாட்டில் நெட்டித் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விடுவதால், கடிவாயில் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அக்டோபர் 11, சனி

இன்று நடந்த பாதையைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

மேல்மலையில் ஒரு மலையாளிப் பழங்குடி ஊர் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலைகளில் வாழும் பழங்குடியினரின் பெயரே அது). ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ரோடு வருவதற்கு முன்னால் அந்த ஊரில் இருந்து சந்தைக்குப் போய்வந்த பழைய ஒற்றையடிப் பாதை இன்னும் இருக்கிறது. வயதான ஒருவர் கூட வந்தார். அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன், பேச்சு நிறைய பேசமாட்டார். அந்தப் பாதை நேராக எங்கேயும் ஏறவில்லை. சரிவுக்குக் குறுக்கே சாய்ந்து சாய்ந்து போகிறது, ஓடையைக் கடக்கும் இடத்தில் மண்ணை விட்டுவிட்டுப் பாறைமேல் போகிறது, திருப்பங்களில் கல் அடுக்கியிருக்கிறது. தண்ணீர் பாதையை வெட்டிக் கடந்து போகிறதே தவிர, எங்கேயும் பாதை வழியே ஓடவில்லை. எத்தனை தலைமுறை மழையைப் பார்த்துப் போட்டார்களோ.

அதே மலையில், பத்துப் பதினைந்து வருடத்துக்குள் சுற்றுலாக்காரர்கள் கால்பட்டு உண்டான பாதை ஒன்று இருக்கிறது. நேராக மேலே போகிறது. மழைக்கு அது ஓடையாகிவிட்டது, முழங்கால் ஆழத்துக்கு மண் போய் வேர்கள் தொங்குகின்றன. சேறாக இருக்கிறதே என்று ஆளாளுக்கு ஓரத்தில் புல்லை மிதித்து நடந்திருக்கிறார்கள், அந்த ஓரமும் சேறாகி, அதற்கும் ஓரம் போய், ஒற்றையடிப் பாதை இப்போது மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரிக் காட்டில் மண் நாம் நினைப்பதைவிட மெல்லியது. வெப்பமும் ஈரமும் சேர்வதால் விழுந்த இலை சீக்கிரம் மட்கி, சத்தை உடனே வேர்கள் இழுத்துக்கொள்கின்றன, அதற்காகவே உணவெடுக்கும் சிறு வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். ஈர மண்ணை மிதித்தால் அது இறுகிவிடும், இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காது, இறங்காத தண்ணீர் மேலே ஓடும், ஓடுவது மண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். ஷூ அழுக்காகக் கூடாது என்று நாம் எடுத்துவைக்கும் இரண்டு அடிக்கு இவ்வளவு நடக்கிறது. அதனால் என்னோடு வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: பாதை சேறாக இருந்தால் சேற்றிலேயே, நடுவிலேயே நடங்கள். திருப்பத்தில் குறுக்குவழி பிடித்து இறங்காதீர்கள். ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

ஐயா ஓர் இடத்தில் நின்று தடியால் காட்டினார். "இந்த எடத்துல குறுக்க ரெண்டு கல்லு போட்டு, ஒரு சாலு, சின்ன வாய்க்கா மாதிரி, இழுத்துவுட்டா போதும் தம்பி, தண்ணி அந்தாண்ட போயிரும். முன்னல்லாம் வருசா வருசம் செய்வோம். இப்ப எல்லாம் வண்டியில போறாங்க, யாரு வர்றா." ஆள் நடக்காத பாதையை உண்ணிச்செடி இரண்டே மழையில் மூடிவிடும் என்றும் சொன்னார். மூடியிருக்கிற இடத்தையும் காட்டினார்.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு இரண்டே நாள், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன, மலைக்குப் போக வழியில்லை. சாயங்காலம் திருமணிமுத்தாறு பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த ஆறு புறப்படுவதும் சேர்வராயன் மலையில்தான். நல்ல மழை பெய்தால் சாக்கடைக் கருப்பு போய்ச் செம்மண் நிறத்தில் வருகிறது, ஊரில் பலரும் அதைப் பார்த்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அந்த நிறத்தைப் பார்த்தால் மேலே எந்தச் சரிவு கரைகிறதோ என்றுதான் தோன்றுகிறது.

அனுமதி பற்றி இங்கே எழுதிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கியது, 14 மாவட்டங்களில் 40 பாதைகள், அதில் நம் சேலமும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். கட்டணம் அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். வழிகாட்டிகளாக அந்தந்த மலை ஊர்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து எடுத்திருக்கிறார்கள், அதற்காகவே கொடுக்கலாம் என்பது என் கருத்து. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவதும் சரிதான். பிப்ரவரி, மார்ச்சில் நம் அடிவாரச் சரிவு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நவம்பர் 2, ஞாயிறு

அக்கா மகள் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள், அவளையும் கூட்டிக்கொண்டு சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போனேன். 1600 மீட்டருக்கு மேலே, மரமே இல்லாத புல்வெளி, காற்று ஆளைத் தள்ளியது. குகைக்குள் சேர்வராயரும் காவேரியம்மனும். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்று மலை ஊர்கள் எல்லாம் இங்கே வந்துவிடும்.

காலடியில் இருக்கிற சிவப்பு மண் பாக்சைட். ஒரு காலத்தில் அலுமினியத்துக்காக இந்த மலையில் வெட்டி எடுத்தார்கள். வெப்பமும் கனமழையும் மிக நீண்ட காலம் சேர்ந்து பாறையில் வேலை செய்தால்தான் பாக்சைட் உண்டாகும்: மழை சிலிக்காவைக் கரைத்து எடுத்துப்போய்விடும், கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிடும். இந்த உச்சியே மழை செய்த வேலைதான். அதை இவளிடம் சொன்னபோது, மழையில் நனைந்துகொண்டே குனிந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தாள், பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

இறங்கும் வழியில் தோட்டத்து ஓரம் பெரிய பலா மரம், கிளையெல்லாம் பாசி, அதற்கு நடுவே ஆர்க்கிட். பாவம், மரத்தை உறிஞ்சுகிறதே என்றேன். "இல்ல மாமா, சும்மா ஒக்காந்திருக்கு, அவ்ளோதான். காத்துல இருக்கற ஈரமும் மழைத் தண்ணியும் போதும் அதுக்கு" என்றாள். பழைய நிழல் மரங்களை வெட்டிவிட்டு வெறும் சில்வர் ஓக் மட்டும் வைத்தால், நேரான தண்டாக இருக்கும் அதில் இவை அவ்வளவாகத் தொற்றாது என்பது அவள் கணிப்பு. நான் பார்த்தவரை அப்படித்தான் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, படகு விட வருகிறவர்களில் பத்தில் ஒருவராவது அங்கே எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

நவம்பர் 15, சனி

காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது, எடுப்பு தொடங்கியாயிற்று. இனி ஜனவரி வரை தோட்டங்களுக்குக் கீழே இருக்கும் ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பழத்தோல் கழுவிய தண்ணீர் கலந்து புளித்த வாடை வரும். குடிக்கத் தண்ணீர் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்.

காலையில் மூடுபனிக்குள் ஒற்றைக் காட்டெருமை, பாதைக்கு நடுவே. கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் போல. ஐயா கையைக் காட்டி நிறுத்தினார், அப்படியே மெதுவாகப் பின்னால் வந்து, மேட்டுப் பக்கம் ஏறி நின்றுகொண்டோம். அதுவாகக் கீழே இறங்கிப் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. போன் எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது, அதன் அருகே போய்ப் படம் எடுக்க நினைப்பதே ஆபத்து.

இன்று நடக்கவில்லை, வேலை செய்தோம். ஊர்ப் பட்டா நிலத்தில் வருகிற பகுதியில் மட்டும், ஊர்க்காரர்கள் பேசி முடிவு செய்து, பழைய பாதையில் ஐயா காட்டிய இடங்களில் எல்லாம் குறுக்கே கல் பதித்துச் சால் இழுத்தோம். கல்லை நேர்க்குறுக்காக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் தேங்காமல், வண்டலைத் தானே தள்ளிக்கொண்டு ஓரமாக இறங்கும். நேர்க்குறுக்காக வைத்தால் ஒரே மழையில் மண் நிரம்பி, தண்ணீர் தாண்டிக் குதித்துவிடும். சால் முடிகிற இடத்தில் சின்னக் கற்களைக் கொட்டினோம், இல்லாவிட்டால் விழுகிற இடத்தில் குழி பறித்துவிடும். மதியம் மூன்று மணிக்கு நல்ல மழை. எல்லாரும் நனைந்துகொண்டே நின்று பார்த்தோம். மேலே வைத்த இரண்டும் அருமையாக வேலை செய்கின்றன. கீழே, அத்தி மரத்துக்குப் பக்கத்தில் வைத்தது சரியில்லை, பாதித் தண்ணீர் கல்லுக்கு அடியில் புகுந்து வருகிறது. அதைப் பிரித்து ஆழமாகப் பதிக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அதைச் செய்யப் போகிறோம், உண்ணிச்செடி மூடிய பகுதியையும் வெட்டுவதாக ஊரில் சொல்லியிருக்கிறார்கள். சேலத்தில் இருந்து வர விரும்புகிறவர்கள் முதல் பஸ்ஸுக்கு வாருங்கள். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எல்லாம் ஊரிலேயே இருக்கிறது. கையுறையும் சாப்பாடும் கொண்டு வந்தால் போதும்.