பிரேக் மிதித் துடிப்பு: மூன்றாவது டிஸ்க்குக்கு முன் ஹப்பை அளந்தேன்

சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளான முன் டிஸ்க்குகளை இரண்டு முறை மாற்றியும் தீராத பிரேக் மிதித் துடிப்புக்கு இந்த வாரம் காரணம் பிடிபட்டது. புதிய டிஸ்க் போட்ட நாள்களில் மிதி வழுவழுவென்று இறங்கும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும்போது காலடியில் மெல்லிய தட்டல் தொடங்கி, நாளடைவில் ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். முதல் ஜோடி ஏறத்தாழ 5,000 கிலோமீட்டரிலும் இரண்டாவது 6,000 கிலோமீட்டரிலும் இந்நிலைக்கு வந்தன. இரண்டு முறையும் பணிமனையில் சொன்ன பதில், டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்பதே. மலை இறக்கமோ பெருஞ்சுமையோ காணாத என் வண்டியில் டிஸ்க் வளையும் அளவுக்குச் சூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு யாரும் விளக்கம் தரவில்லை.

வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானமானதால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் மீது எனக்குச் சந்தேகம் எழவில்லை. ஆளற்ற நேர்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கைபிரேக்கை மெல்ல இழுத்துப் பார்த்தேன். எந்த அதிர்வும் இல்லாததால் பின்சக்கர டிரம்களையும் ஒதுக்கிவிட்டு முன்சக்கரங்களைக் கழற்றினேன்.

வலது டிஸ்க்கை விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, சுற்றிலும் 8 இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்தபோது, மிகத் தடித்த இடம் 21.46 மில்லிமீட்டராகவும் மிக மெலிந்த இடம் 21.43 மில்லிமீட்டராகவும் இருந்தன. வித்தியாசம் 0.03 மில்லிமீட்டர்தான் என்றாலும், காலுக்குத் தெரிய அது தாராளமாகப் போதும். டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகளால் கவ்வும் காலிப்பரின் பிஸ்டனை ஒவ்வொரு சுற்றிலும் பின்னுக்குத் தள்ளி, திரவம் வழியாக மிதியை உதைப்பது இந்தத் தடிப்பு வேறுபாடுதான். டிஸ்க் சற்றே கோணலாகச் சுழன்றால் மட்டும் மிதி துடிப்பதில்லை. மிதக்கும் காலிப்பர் அந்த ஆட்டத்தோடு சேர்ந்து நகர்ந்து கொடுத்துவிடும். ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும் நேரமெல்லாம் கோணலின் மேடான பகுதி சுற்றுக்கு ஒரு முறை பேடில் உரசி உரசித் தேய்கிறது. புதிய டிஸ்க் முதலில் நன்றாக இருந்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் துடிப்பதன் ரகசியம் இதுவே.

ஆகவே தேடவேண்டியது கோணலை. டிஸ்க்கை வீல் நட்டுகளாலும் வாஷர்களாலும் சீராக இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்தபோது, முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது, 0.05 மில்லிமீட்டருக்குள் நிற்கவேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட அளவு. டிஸ்க்கைக் கழற்றினால் டிஸ்க் அமரும் சக்கர மையமான ஹப்பின் முகத்தில், வீல் நட்டு ஏறும் ஒவ்வொரு ஸ்டட்டின் அடியையும் சுற்றி வளையம்போல் துரு கட்டியிருந்தது. வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தவுடன் முகம் முழுவதும் பளபளத்துச் சுத்தமாகிவிட்டதுபோல் தோன்றியது. ஆனால் நகத்தால் தடவிப் பார்த்தபோது ஒரு ஸ்டட்டின் அடியில் மட்டும் விளிம்பு தட்டுப்பட்டது. பிரஷ்ஷின் கம்பிகள் அந்த மூலைக்குள் நுழைவதே இல்லை. சிறிய உளியைப் படுக்க வைத்துத் துருத் தகட்டைப் பெயர்த்து, ஸ்டட் நுழையும் அளவுக்கு நடுவில் ஓட்டையிட்ட வட்டமான உப்புத்தாளால் நான்கு ஸ்டட்டுகளையும் சுற்றித் தேய்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பெயர்ந்து விழுந்த துருத் தகட்டை மைக்ரோமீட்டரில் வைத்தேன்: 0.05 மில்லிமீட்டர். ஹப்பில் இருக்கும் அந்தச் சிறு தடிப்பு, டிஸ்க் விளிம்பை அடையும்போது ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகிவிடும். முந்தைய இரண்டு டிஸ்க்குகளையும் இதன் மேலேயே மாட்டியிருக்கிறார்கள் என்பதை நினைக்க இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அளவெடுப்பில் என்னை மிகவும் சோதித்தது டயல் கேஜின் காந்த அடித்தளம். மலிவான அடித்தளங்களில் கேஜைத் தாங்கும் கையின் மூட்டு தானாகத் தளர்ந்து, ஒரே இடத்தை இரண்டு முறை அளந்தால் இரண்டு எண்களைக் காட்டும். டிஸ்க்கை ஒரு முழுச் சுற்று சுற்றியதும் முள் தொடங்கிய இடத்துக்கே திரும்பாவிட்டால் அந்த அளவீட்டைத் தூக்கி எறிந்துவிடுவதே சரி. கேஜ் வாங்குபவர்கள் கேஜைவிட அடித்தளத்துக்கு அதிகம் செலவழிக்கவேண்டும் என்பது என் கருத்து.

சுத்தம் செய்த ஹப்பில் புதிய டிஸ்க்கின் பாதுகாப்பு எண்ணெயைக் கழுவி மாட்டியபோது 0.05 வந்தது. அதோடு விடாமல், ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்டட் அளவு திருப்பி மாட்டிப் பார்த்ததில் அடுத்தடுத்து 0.06, 0.04, 0.03 என்று கிடைத்தது. ஹப்பின் கோணலும் டிஸ்க்கின் கோணலும் ஓரிடத்தில் கூடுகின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன. 0.03 கிடைத்த நிலையில் ஹப்பிலும் டிஸ்க்கிலும் பெயின்டால் புள்ளி வைத்துவிட்டேன். இவ்வளவும் செய்துவிட்டுக் காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை ஏனோதானோவென்று இறுக்கினால் டிஸ்க் மீண்டும் கோணும் என்பதால், எதிரெதிராக இரண்டு கட்டமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் 100 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க எண்ணியிருக்கிறேன். என் வண்டியின் கையேட்டில் உள்ள அளவு அது.

பிரேக் திரவம் பழுப்பேறியிருப்பதால் அதையும் மாற்றவேண்டும். பின்சக்கர டிரம்களையும் இந்தச் சாக்கில் திறந்து அளந்துவிட ஆசை. ஆனால் வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. இடது டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் டயல் கேஜ் 0.09 காட்டியது. கழற்றிய பிறகு பார்த்தால், அங்கேயும் இரண்டு ஸ்டட்டுகளின் அடியில் அதே துரு வளையம்.