எம்.எஸ். பரம்பரை நோயா?

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்.எஸ்.: நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்டது, "பிள்ளைக்கும் வருமா?" என்றுதான். அவள் முகம் வாடிப்போனது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் வருகிறது என்கின்றன மேற்கத்திய ஆய்வுகள். ஒரே மாதிரி இரட்டையரில்கூட, ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒன்றுதான். நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. மரபணுவில் ஒரு வகை, ஆபத்தை ஏறத்தாழ 3 மடங்காக்கும். ஆனால் அதைச் சுமக்கும் பெரும்பாலானோர் நோயில்லாமலேயே வாழ்கிறார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ், புகைபிடித்தல் என்று வேறு பல காரணங்களும் சேர வேண்டும்.

என்னை உலுக்கியது 2023இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு. 22,000க்கும் அதிகமான நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்திருக்கிறார்கள். நோயை வரவழைக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. நோயின் வேகத்தோடு தொடர்புள்ளவையோ மூளை, தண்டுவடத்தில் வேலை செய்பவை. அந்த ஆய்வில் கண்டுபிடித்த ஒரு மரபணு மாற்றத்தை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, நடக்க ஊன்றுகோல் வேண்டிய நிலை சராசரியாக கிட்டத்தட்ட 4 ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறதாம். இன்றைய மருந்துகளில் பெரும்பாலானவை எதிர்ப்பு மண்டலத்தைத்தான் அடக்குகின்றன. நரம்பையே காக்கும் மருந்து சீக்கிரம் வர வேண்டும்.