வேர் இந்தப் பக்கம், பூ அந்தப் பக்கம்

காலையில் வாசல் மணி அடித்தது. திறந்தால் பக்கத்து வீட்டு அக்கா. கை நிறைய சிவப்பு ரோஜா.

"எங்க வீட்டுல இன்னைக்கு ரொம்பப் பூத்திருக்கு. தனியா ரசிக்க மனசு வரல. உங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவந்தேன்."

வாங்கிக்கொண்டேன், சிரித்தேன், "ஐயோ, எதுக்குக்கா இவ்வளவு" என்றுகூடச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் அத்தை நிற்கிறார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் பார்க்கிறார், தொலைந்துபோன நகையை அடுத்தவர் கழுத்தில் பார்த்த மாதிரி.

"இது நம்ம பூ."

"தெரியும் அத்தை."

"நம்ம பூவை நமக்கே தானம் பண்ணிட்டுப் போறா. நீயும் எதுக்குக்கா இவ்வளவுங்கற."

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? வாசலில் நின்று சிரிக்கிறவரிடம் வேர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வழக்காடவா முடியும்?

எங்கள் தோட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் என்பது என் வீட்டுக்காரர் வைத்த பேர். மோட்டாருக்கும் மதில் சுவருக்கும் நடுவில் கட்டடக்காரர் மறந்துவிட்டுப் போன இடம் அது. இரண்டு பேர் உள்ளே போனால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணி காயப்போட்ட நாளில் அந்த ஒருவருக்கும் இடம் கிடையாது. "தரையில இடம் இல்லாதவன் மேலதான் போகணும்" என்று தத்துவம் பேசி, கொடி ரோஜாதான் என்று இவர் முடிவு செய்தார்.

செடி வாங்கும் முன்பு இவர் படித்த படிப்பைப் பரீட்சைக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் ரோஜா வரலாறுதான். 'பிளேஸ்' என்று ஒன்று, 1932-ல் வந்தது, இன்னும் வளர்க்கிறார்களாம். 'டப்ளின் பே' என்று ஒன்று, பேர் அயர்லாந்து, உருவானது நியூசிலாந்து. 'டாக்டர் ஹ்யூயி' என்று ஒன்று, பிலடெல்ஃபியாவில் இருந்த ஒரு பல் டாக்டர் பேரில். அதை உருவாக்கியவர் கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிறவராம். அமெரிக்காவில் மற்ற ரோஜாக்களை ஒட்டுக்கட்ட அடிச்செடியாக அதைத்தான் வெகுகாலம் வைத்தார்கள். மேலே ஒட்டிய ரகம் செத்துப்போனால் அடியில் இருக்கும் பல் டாக்டர் தலையெடுத்துக் கருஞ்சிவப்பாகப் பூப்பாராம். வெள்ளை ரோஜா வாங்கியவர்கள் வீட்டில் திடீரென்று சிவப்பு. இதைச் சொல்லிவிட்டு இவர் சிரித்த சிரிப்பில் சின்னவள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

கடைசியில் வந்து சேர்ந்தது 'டான் ஜுவான்'. இத்தாலியில் உருவாகி 1958-ல் வெளிவந்த ரகம். வெல்வெட் மாதிரி கருஞ்சிவப்பு, நல்ல வாசனை, பன்னிரண்டு அடிகூடப் போகும். அந்தப் பேருள்ள ஆள் கதைகளில் பெண்களை மயக்கித் திரிந்தவன் என்பதைப் பெரியவன் பாட்டிக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறான். "இப்படிப்பட்டவனை நடுவீட்டுக்கா கூட்டிட்டு வர்றது" என்று அத்தை அன்றைக்கே முணுமுணுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சங்கதி. கொடி ரோஜா கொடியே இல்லை. அவரைக்கொடி மாதிரி சுற்றிப் பிடிக்காது, பாகல் மாதிரி பற்றுக்கம்பியும் விடாது. நீண்டு வளரத் தெரியும், அவ்வளவுதான். ஏற்றிக் கட்டுவது நம் பொறுப்பு. அதன் முள்கூட முள் இல்லையாம், தோலிலிருந்து புடைத்து வருவதாம், தாவரவியலில் அதற்கு வேறு பேர் என்று பெரியவன் சொல்கிறான். இருக்கட்டும். என் துப்பட்டாவுக்கு இன்னும் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

முதல் இரண்டு வருஷம் கவாத்தே செய்யக் கூடாது, நீளக் கிளைகள் வளரவேண்டும் என்று இவர் சட்டம் போட்டார். அத்தைக்கு அது பொறுக்கவே இல்லை. தாறுமாறாக நீட்டிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்; பெரியவனின் முடியையே தூக்கத்தில் வெட்டியவர். ஆகவே கத்தரிக்கோல் பீரோவுக்குள் போனது, சாவி இவர் சட்டைப்பைக்குப் போனது. ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து ஒரு தளிர் விறுவிறுவென்று வந்தபோது மட்டும் காட்சி மாறியது. அதைக் களையவேண்டும், இல்லாவிட்டால் சத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும் என்று இவர் போனார். "உள்ளதுலயே அதுதான் உருப்படியா வளருது, அதையா வெட்டுவ?" என்று அத்தை குறுக்கே நின்றார். அவர் கோவிலுக்குப் போன நேரத்தில்தான் காரியம் நடந்தது.

செடி வளர்ந்தது. இவர் அதைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்து நேர்க்கோடாக, கொடிக்கம்பம் மாதிரி, ஏற்றிக் கட்டினார். எங்கள் பக்கம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடும். ரோஜாவுக்கோ ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அது என்ன செய்யும்? விறுவிறுவென்று மேலே போய், மதிலைத் தாண்டி, அக்கா வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன், அவன் புத்தி அப்படி" என்றார் அத்தை.

எங்களுக்கு மிஞ்சியது மொட்டைத் தண்டும், கரும்புள்ளி விழுந்து மஞ்சளாய் உதிரும் இலையும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும், அதைத் தேடி வரும் எறும்பும். உரம் நாங்கள், தண்ணீர் நாங்கள், சோப்புத்தண்ணீர் தெளிப்பது நான். பூ மட்டும் அங்கே.

இன்றைய தானத்தோடு இவருக்கும் பொறுமை போய்விட்டது. "எல்லாக் கிளையையும் இந்தப் பக்கம் இழுத்துக் கட்டுறேன் பார்" என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார். நான் ஸ்டூலைப் பிடித்தேன். அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார், ஏனென்று தெரியவில்லை. ஏறியவர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். பேச்சே இல்லை.

"என்னங்க?"

"நீயே ஏறிப் பாரு."

பார்த்தேன். அந்தப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்துக் கம்பி இழுத்திருந்தது. எங்கள் செடியின் கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்து, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கயிறு இல்லை, பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடா. கிளை பருத்தாலும் இறுகாதபடி எட்டு வடிவத்தில் தளர்வான முடிச்சு. வாடிய பூவையெல்லாம் ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே சாய்வாக நறுக்கியிருந்தது. கணுவுக்குக் கணு ஒரு துளிர், துளிருக்குத் துளிர் மொட்டு.

இவர் அத்தனை படித்தாரே, அதில் இதுவும் இருந்ததாம். நேராக நிற்கும் கிளையின் நுனி, ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோனைக் கீழே அனுப்பிக் கணுக்களில் இருக்கும் மொட்டுகளை எழவிடாமல் அடக்கிவைக்கும். கிளையைப் படுக்க வைத்தால் அந்த அதிகாரம் தளர்ந்து, கணுவெல்லாம் துளிர்த்துப் பூக்கும். ஸ்டூலில் நின்றபடியே எனக்குச் சொன்னார். தெரிந்திருந்தும் ஏன் கொடிக்கம்பம் கட்டினீர்கள் என்று கேட்க வாய் எடுத்தேன், அதற்குள் அந்தப் பக்கம் அக்கா வந்துவிட்டார். சுவருக்கு மேலே என் தலையைப் பார்த்தும் ஆச்சரியப்படவில்லை.

"இதை நீங்களாக்கா கட்டினீங்க?"

"பின்ன? அது பாட்டுக்குக் காத்துல ஆடி, முள்ளு முள்ளோட உரசி, தண்டெல்லாம் கீறிப்போச்சு. எங்க அப்பா இப்படித்தான் கட்டுவார். நேரா விட்டா உச்சியில நாலு பூதான் வரும்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அப்பா போனதுக்கு அப்புறம் செடி வைக்கவே தோணல. இது தானா எட்டிப் பார்த்துச்சு, சரி, வந்த பிள்ளையை விரட்டுவானேன்னு விட்டுட்டேன்."

நான் என்ன சொல்வது? இவர் கீழே இருந்து, "பரவாயில்லக்கா, உங்க செடி மாதிரி" என்று உளறினார். அத்தை என் கையைக் கிள்ளினார்.

அதோடு போயிருந்தால் நானும் நெகிழ்ந்து நல்லவிதமாக முடித்திருப்பேன். அக்கா விடவில்லை. "ஆனா உங்க பக்கம் கவனிப்பு போதல. அடியில கொஞ்சம் மக்கின எரு போடுங்க. இலை மேல தண்ணி படாம வேருக்கு மட்டும் ஊத்துங்க, அதான் புள்ளி விழுது. உதிர்ந்த இலையைக் கூட்டி வெளிய போடுங்க, அங்கயே கிடந்தா நோய் மறுபடி வரும்." இவர் கீழே நின்று ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்கிறார். நான் பாத்திரம் விளக்கச் சொன்னால் இந்தச் சரி எங்கே போகிறதோ.

சாயங்காலம் எரு மூட்டை வந்து இறங்கிவிட்டது. துணி காயப்போட இருந்த இடமும் போயிற்று. தண்ணீர் ஊற்றும் வேலையை அத்தையே எடுத்துக்கொண்டார். ஊற்றும்போது சுவரைப் பார்த்து, வேண்டுமென்றே சத்தமாக, "ஊரான் வீட்டுக்குக் கூலி இல்லாத வேலை" என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது: "இன்னும் ஒரு வாளி ஊத்துங்கம்மா!"

அத்தை ஊற்றினார்.