லென்ஸுக்கு ஒரு முக்காடு

'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். 1975இல் பீட்டர் வெய்ர் எடுத்த ஆஸ்திரேலியப் படம். கதை நடப்பது 1900, பிப்ரவரி 14. ஆப்பிள்யார்ட் கல்லூரி என்ற விடுதிப் பள்ளியின் மாணவிகள் விக்டோரியாவில் உள்ள அந்தப் பாறைக்குச் சிற்றுலா போகிறார்கள். மூன்று மாணவிகளும் ஓர் ஆசிரியையும் காணாமல் போகிறார்கள். ஒருத்தி மட்டும் பிறகு கிடைக்கிறாள். என்ன நடந்தது என்று படம் கடைசிவரை வாய் திறக்காது.

மர்மம் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த வெள்ளை உடுப்புகள். மாணவிகள் வரிசையாக நின்று முன்னால் இருப்பவளின் கார்செட் (இடுப்பை இறுக்கும் உள்ளுடுப்பு) கயிற்றை இழுத்துக் கட்டும் காட்சியை மட்டும் தனியாக ஓட்டிப் பார்ப்பேன். பிப்ரவரி அங்கே கடுங்கோடை. அந்த வெயிலிலும் உயரக் கழுத்து, முழுக்கை, கறுப்புக் காலுறை. வுட்எண்ட் ஊரைத் தாண்டிய பிறகுதான் கையுறையைக் கழற்றவே அனுமதி! பார்க்கும்போது நமக்கே புழுங்கும். ஆனால் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரு மென்மை. ஒளிப்பதிவாளர் ரஸல் பாய்ட், மணப்பெண்கள் தலையில் போடும் நெட் துணியை வெவ்வேறு கனத்தில் லென்ஸுக்கு முன்னால் வைத்துப் பல காட்சிகளை எடுத்தார். அந்த ஒளிப்பதிவுக்குப் பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது.

ஒரு மீட்டர் நெட்டும் ரப்பர் பேண்டும் போதும் என்றால் நாமும் செய்து பார்க்கலாமே என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு தோல்வி. ஜன்னலோரம் அக்கா மகளை நிற்கவைத்து, 50 மி.மீ. லென்ஸில் வெள்ளை நெட்டை இரண்டு மடிப்பாகக் கட்டி எடுத்தேன். "சித்தி, லென்ஸைத் துடைச்சீங்களா?" என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை, அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தது போலத்தான் இருந்தது. எல்லாம் கூர்மையாக வரட்டும் என்று லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 11 வைத்திருந்தேன். வலையின் கண்களே லேசாகப் படத்தில் விழுந்துவிட்டன. துளையை அகலத் திறந்து எஃப் 2க்கு வந்ததும் வலை மறைந்தது, ஆனால் மந்தம் போகவில்லை.

நடுவில் ஒரு அசட்டுத்தனம். பழைய நிறம் வரட்டும் என்று நெட்டைத் தேநீர் டிகாக்ஷனில் ஊறப்போட்டேன். பாலியெஸ்டர் நெட், சொட்டு நிறம்கூட ஏறவில்லை. கூடவே போட்ட பருத்தி லேஸ் மட்டும் அருமையான பழுப்புக்கு வந்தது. அந்த லேஸைத்தான் உடுப்பில் தைத்தேன். உடுப்பு என்றால் வேறொன்றுமில்லை, என் பழைய வெள்ளைப் பருத்தி நைட்டி! மார்பில் எட்டு பின்டக் (மெல்லிய தையல் மடிப்பு), கழுத்துக்கு இரண்டு அங்குலப் பட்டி. பட்டி முதலில் துவண்டு விழுந்தது. கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகுதான் நிமிர்ந்தது, அவள் தலையும் கூடவே நிமிர்ந்தது.

இரண்டாவது ஞாயிறு காலை ஏழரைக்குப் பக்கத்துக் காலி மனை, வேப்பமரத்தடி. வெயில் அவள் முதுகுப் பக்கம். இந்த முறை நெட் ஒரே மடிப்பு. ஆட்டோஃபோகஸ் தடுமாறியது, கையால் திருகினேன். திரையைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடியின் ஓரத்திலும் தோள்பட்டையிலும் வெளிச்சம் கசிந்து பரவியிருந்தது. போன வாரம் நெட்டைக் குறை சொன்னேன். குறை நெட்டில் இல்லை. கசிவதற்குப் பின்னாலிருந்து நல்ல வெளிச்சமும், அதை வாங்கிக்கொள்ள வெள்ளைத் துணியும் வேண்டும். ஜன்னலோரத்து மங்கலில் பரவுவதற்கு என்ன இருந்தது?

நிழல்கள் மட்டும் இன்னும் வெளுத்துத்தான் இருக்கின்றன. வெள்ளை நெட்டின் மீதே வெயில் படுவதுதான் காரணம். அடுத்த முறை கறுப்பு நெட்.

140 படங்களில் தேறியது மூன்று. அவற்றில் ஒன்றில் அவள் போஸ் கொடுக்கவே இல்லை, காலுறைக்குள் எறும்பு ஏறிவிட்டதென்று குனிந்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். அக்கா அதைத்தான் பிரேம் போடச் சொல்கிறாள்.