58 வயதில் வந்த லூபஸ்

உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய் லூபஸ். என் அண்ணன் மகளுக்கு அது வந்தபோது வயது 23. மூக்கின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவந்த தடிப்பும் சிறுநீரில் இறங்கிய புரதமும் ஒரே மாதத்தில் நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டன. எனக்கு 58 வயதில் தொடங்கிய அதே நோயைக் கண்டறிய ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள் நான். விடியற்காலையில் விரல்கள் மடங்காமல், மைலோ டின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பவும் இயலாமல் நின்றபோது, கத்தி பிடித்த கை தேய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். கிளினிக்கிலும் அதையே சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். தேய்மானத்தால் வரும் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். எனக்கோ பசியாறி முடித்து வெயில் ஏறிய பிறகும் விரல்கள் அப்படியே இருந்தன. அதை எவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

பிறகு கண்ணும் வாயும் வறண்டன. மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது. சளி என்று இருமுறை மருந்து கொடுத்தார்கள். ஈப்போவில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் தெரிந்த பிறகே நிபுணரிடம் அனுப்பப்பட்டேன்.

அந்த மருத்துவர் முதலில் என் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல்லி, ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரலசின் போன்ற சில மருந்துகளே லூபஸைத் தூண்டக்கூடும் என்பதால், பல மாத்திரைகள் விழுங்கும் வயதில் அது காரணமில்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டுமாம். 50 வயதுக்கு மேல் தொடங்கும் லூபஸில் முகத் தடிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் குறைவாகவும், நுரையீரல் உறை அழற்சியும் வறட்சியும் கூடுதலாகவும் காணப்படும் என்றும், மெல்ல மெல்ல வருவதால் பழி முதுமையின் மேல் விழுந்துவிடும் என்றும் அவர் விளக்கியபோது, என் 2 ஆண்டுகளையும் யாரோ எழுதி வைத்துப் படிப்பதுபோல் இருந்தது. சொந்த உடலின் செல்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ ரத்தச் சோதனை பாசிட்டிவ். லூபஸ் வந்த இளையவர்களிடம் அடிக்கடி காணப்படும் டிஎன்ஏ எதிர்ப்பொருள் என் ரத்தத்தில் இல்லை.

அழற்சியை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும் என்பதால், என் வயதை எண்ணி அதை விரைவாகக் குறைத்தார். லூபஸைக் கட்டுப்படுத்தும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தொடர்கிறது; அது விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் பரிசோதனை தவறக்கூடாது. அடுத்த மாதப் பரிசோதனைக்கு, அதே மாத்திரையைச் சாப்பிடும் அண்ணன் மகளும் நானும் ஒரே நாளில் தேதி வாங்கியிருக்கிறோம்.